35 ரூபாய் குழாய், 2,000 ரூபாய் நஷ்டம்: வீட்டு அக்வாபோனிக்ஸுக்கு எந்த வால்வு வாங்கலாம்?



எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், ரிட்டர்ன் ஃபைலிங்னு பேசிக்கிட்டு இருக்கிற நான் இன்னைக்கு பைப், வால்வுன்னு ஆரம்பிக்கிறேன். சேனல் மாறி வந்துட்டோமோன்னு பயப்படாதீங்க. இதுவும் பணக் கணக்குதான்.

மொட்டை மாடி வீடியோவில் பின்னாடி தெரிஞ்ச கீரைத் தொட்டியைப் பார்த்து நிறைய பேர் கேட்ட முதல் கேள்வி, "சார், இதுக்கு எவ்வளவு ஆச்சு?" இரண்டாவது கேள்வி, "வால்வு எது வாங்கலாம்?" முதல் கேள்விக்கான பதிலே இரண்டாவது கேள்விக்குள்ளதான் இருக்கு. அது எனக்குப் புரிஞ்சது ஒரு செப்டம்பர் மாசம்.

செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட்டுக்குக் கடைசி நாள். எங்க தொழிலில் அந்த மாசம் வீடு, வாசல் எதுவும் ஞாபகம் இருக்காது. கிளையன்ட் வேலையா மூணு நாள் கோயம்புத்தூர் போயிருந்தேன். மூணாவது நாள் காலைல அப்பா போன் பண்ணினார். "ஏம்பா, தொட்டில தண்ணியே இல்லையே" அப்படின்னார். மீன் தொட்டியின் அடியில் நான் மாட்டியிருந்த பிளாஸ்டிக் குழாய் வெயிலில் காய்ஞ்சு, கழுத்துப் பக்கம் விரிசல் விட்டு, ராத்திரியோட ராத்திரியா 500 லிட்டரும் மாடிக் குழாய் வழியா தெருவுக்குப் போயிடுச்சு. 20 கோய் மீன். ஒண்ணுகூட மிஞ்சல.

அந்தக் குழாயின் விலை 35 ரூபாய். "நல்லதா எடுத்துக்குங்க சார், 135 ரூபாய்தான்"னு கடைக்காரர் சொன்னார். நான்தான் "டிரெயின் லைனுக்கு இது போதும்"னு சொன்னேன். மிச்சம் பிடிச்சது 100 ரூபாய்.

முதல்ல, அக்வாபோனிக்ஸ்னா என்ன?

மீன் கழிவில் அம்மோனியா இருக்கு. அது தண்ணியில் சேர்ந்தா மீனுக்கே விஷம். கூழாங்கல்லில் வளர்ற பாக்டீரியா அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாத்தும். நைட்ரேட் செடிக்கு உரம். செடி அதை எடுத்துக்கிட்டதும் சுத்தமான தண்ணி திரும்ப மீனுக்கே போகும்.

என்னோட அமைப்பு சின்னது. கீழே 500 லிட்டர் மீன் தொட்டி. மேலே ஸ்டாண்டில், 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் இரண்டா வெட்டின இரண்டு செடித் தொட்டிகள். மீன் தொட்டிக்குள் ஒரு சின்ன மோட்டார். அது தண்ணியை மேலே ஏத்தும். தண்ணி தானா கீழே இறங்கும். இந்தச் சுற்றில் தண்ணி எங்கே, எவ்வளவு போகணும்னு முடிவு பண்றதுதான் வால்வோட வேலை.

விலையை மட்டும் பார்க்காதீங்க, உடைஞ்சா என்ன ஆகும்னு பாருங்க

என்னோட நஷ்டத்தைக் கணக்குப் போட்டேன். 20 மீன், ஒண்ணு 60 ரூபாய், ஆக 1,200. ஆறு மாசத் தீவனம் 500. காய்ஞ்சு போன நாற்று, விதை 300. மொத்தம் 2,000 ரூபாய். கூழாங்கல்லில் வளர்ந்திருந்த பாக்டீரியாவும் காய்ஞ்சு போச்சு. அது திரும்ப வளர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு நான் விலையே போடல.

இப்போ நம்ம ஸ்டைலில் ஒரு கணக்கு. நல்ல வால்வுக்குக் கூடுதல் செலவு 100 ரூபாய். உடைஞ்சா நஷ்டம் 2,000. 100-ஐ 2,000-ஆல் வகுத்தால் 5 சதவீதம். அதாவது மலிவுக் குழாய் 20-ல் ஒண்ணு உடைஞ்சாலே எனக்கு மிச்சம் எதுவும் இல்லை. சென்னை வெயிலில் கிடக்கிற மெல்லிசு பிளாஸ்டிக் 20-ல் ஒண்ணுதான் உடையும்னு பந்தயம் கட்டுவீங்களா? நான் கட்டிட்டேன்.

இதே 35 ரூபாய் குழாயை மேலே செடித் தொட்டிக்குள் தண்ணி விழற இடத்தில் மாட்டியிருந்தா? உடைஞ்சாலும் தண்ணி அந்தத் தொட்டிக்குள்ளதான் விழும், அங்கிருந்து மீன் தொட்டிக்கு வந்துடும். நஷ்டம் 35 ரூபாய். அந்த இடத்துக்கு 135 ரூபாய் வால்வு வாங்கினாதான் வீண் செலவு.

மொபைல் ஸ்கிரீனுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துட்டு டேர்ம் பாலிசி எடுக்காம இருக்கிறவங்களை நம்ம சேனல்ல எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கோம்? சின்ன நஷ்டத்தை நாமே தாங்கிக்கலாம், பெரிய நஷ்டத்துக்குத்தான் கவர் வேணும். நான் தொட்டியில் செஞ்சது அப்படியே அதோட தலைகீழ்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரில் உங்க அமைப்பை வரைஞ்சு, ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் "இது உடைஞ்சா தண்ணி எங்கே போகும்?"னு எழுதுங்க. "தொட்டிக்குள்ளேயே" என்றால் மலிவா வாங்குங்க. "வெளியே" என்றால் நல்லதா வாங்குங்க. முடிஞ்சா அந்த வால்வே இல்லாத மாதிரி மாத்துங்க.

நாலு இடம், நாலு முடிவு

1. மோட்டாரிலிருந்து செடித் தொட்டிக்குப் போற லைன்

இங்கே ஒவ்வொரு செடித் தொட்டிக்கும் ஒரு சாதாரண பிவிசி பால் வால்வு போதும். கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினா திறக்கும், மூடும். இரண்டு தொட்டிக்கும் சமமா தண்ணி பிரிக்கத்தான் இது. வால்வை அந்தந்தத் தொட்டிக்கு நேர் மேலே வையுங்க. கசிஞ்சாலும் உள்ளேயே சொட்டும்.

சைஸ் முக்கியம். அரை இஞ்ச் மலிவா இருக்குன்னு எடுக்காதீங்க. ஒரு இஞ்ச் வழியோட பரப்பு அரை இஞ்சைப் போல நாலு மடங்கு. மீன் கழிவும் பாசியும் கலந்த தண்ணி இது. பாதி மூடின சின்ன வால்வில் இரண்டு வாரத்தில் அடைப்பு வந்துடும். ஒரு இஞ்சே எடுங்க. வாரம் ஒரு தடவை முழுசா திறந்து, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, பழைய இடத்துக்கே கொண்டு வாங்க. பழைய இடம் எதுன்னு தெரிய, மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைங்க.

2. மிச்சத் தண்ணி திரும்பி வர்ற லைன்

மோட்டார் கொடுக்கிற தண்ணி செடிக்குத் தேவையானதைவிட எப்பவும் கொஞ்சம் கூடுதலா இருக்கும். ஒரு டீ ஜாயின்ட் போட்டு, மூணாவது பால் வால்வு வழியா கூடுதல் தண்ணியை நேரா மீன் தொட்டிக்குள்ளேயே விழ விடுங்க. மேலேயிருந்து விழற தண்ணி காற்றைக் கலந்துக்கிட்டு வரும்; மீனுக்கு ஆக்ஸிஜன். இங்கேயும் சாதாரண வால்வு போதும். உடைஞ்சாலும் தொட்டிக்குள்ளதான்.

3. செடித் தொட்டியிலிருந்து கீழே இறங்குற லைன்

இங்கே வால்வே வேண்டாம். செடித் தொட்டி கொஞ்ச நேரம் நிறையணும், கொஞ்ச நேரம் வடியணும். அப்போதான் வேருக்குத் தண்ணியும் காற்றும் மாத்தி மாத்திக் கிடைக்கும். இதுக்கு பெல் சைஃபன் இருக்கு. நடுவில் ஒரு நிமிர்ந்த பைப், அதுக்கு மேலே மூடி போட்ட பெரிய பைப், சுத்தி கல் உள்ளே வராம இருக்க ஓட்டை போட்ட இன்னொரு பைப். அவ்வளவுதான். தண்ணி பைப்போட உச்சியைத் தாண்டினதும் சைஃபன் பிடிச்சுக்கும். தொட்டி காலியானதும் காற்று புகுந்து தானா நின்னுடும். கரண்ட் வேண்டாம், அசையற பாகம் எதுவும் இல்லை.

முதலில் இதை நம்பாமல், ஆன்லைனில் சோலினாய்டு வால்வு இரண்டு வாங்கினேன். ஒண்ணு 700 ரூபாய். டைமர், அடாப்டர் எல்லாம் சேர்த்து 900. மொத்தம் 2,300. மாட்டினா தண்ணி வரவே இல்லை. ஏன்னு பிறகுதான் புரிஞ்சுது. கடையில் மலிவா கிடைக்கிற சோலினாய்டு வால்வில் நிறைய, தண்ணியோட பிரஷரை வச்சே திறக்கிற வகை. அதுக்கு ஒரு குறைந்தபட்ச பிரஷர் வேணும். 10 மீட்டர் உயரத் தண்ணிதான் சுமார் 1 பார் பிரஷர். என் செடித் தொட்டியில் தண்ணி ஆழம் 30 சென்டிமீட்டர்கூட இல்லை. அது 0.03 பாருக்கும் குறைவு. வால்வு எப்படித் திறக்கும்? வாங்கறதா இருந்தா, பூஜ்ய பிரஷரிலும் வேலை செய்யும்னு தெளிவா போட்டிருக்கிற வகையைப் பார்க்கணும். அது விலை கூட, கழிவில் அடைக்கவும் செய்யும். நம்ம அளவுக்கு அது தேவையே இல்லை.

4. மீன் தொட்டியின் அடியில் இருக்கிற டிரெயின்

என் மீன்களைக் கொன்ன இடம் இது. முடிஞ்சா தொட்டியின் அடியில் ஓட்டையே போடாதீங்க. அடியில் தேங்குற கழிவை ஒரு ஹோஸ் விட்டு சைஃபன் பண்ணி எடுத்துடலாம். வாரத்துக்குப் பத்து நிமிஷ வேலை.

ஏற்கெனவே ஓட்டை இருந்தா, இங்கே காசு பார்க்காதீங்க. கனமான பிவிசி பால் வால்வு போடுங்க. அதோட வெளி வாயில் ஒரு மரை போட்ட என்ட் கேப்பை இறுக்கி மூடுங்க. 20 ரூபாய். யாராவது தெரியாம கைப்பிடியைத் தட்டினாலும், உள்ளே இருக்கிற பால் கசிஞ்சாலும் தண்ணி வெளியே போகாது. ஆனா வால்வோட உடம்பே விரிசல் விட்டா கேப் உதவாது. அதனால வெயில் படாம மறைச்சு வைங்க. பெயின்ட் அடிச்சாலும் சரி, பழைய துணி சுத்தினாலும் சரி.

பித்தளை வேண்டாம், ஃப்ளோட் வால்வும் யோசிங்க

"பித்தளைதான் சார் ஸ்ட்ராங்"னு பிளம்பர் சொல்வார். வீட்டுத் தண்ணி லைனுக்கு அது சரி. இங்கே வேண்டாம். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய தண்ணி மெல்ல அமிலமா மாறும், அமிலத் தண்ணி உலோகத்தைக் கரைக்கும். செம்பு கொஞ்சம் கரைஞ்சாலும் மீனுக்கு ஆபத்து. ஜிஐ பைப்பில் பூசியிருக்கிற துத்தநாகத்துக்கும் இதே கதைதான். பிவிசி மலிவு, இந்த வேலைக்கு அதுவே சரியானதும்கூட. மலிவானதே நல்லதா அமையற இடம் வாழ்க்கையில் ரொம்பக் குறைவு, அனுபவிங்க!

அடுத்து, மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணி தானா நிரம்ப ஃப்ளோட் வால்வு. வசதியா தெரியும். ஆனா இரண்டு சிக்கல். ஒண்ணு, மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். மிதவை சிக்கிக்கிட்டா அது முழுசா உள்ளே போயிடும், மீனும் போகும், பாக்டீரியாவும் போகும். இரண்டாவது, தொட்டியில் கசிவு இருந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது. கசியக் கசிய ஃப்ளோட் வால்வு நிரப்பிக்கிட்டே இருக்கும். மறந்துபோன ஓடிடி சந்தா ஆட்டோ டெபிட்டில் மாசா மாசம் போற மாதிரி. பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வச்ச தண்ணியைக் கையால் ஊத்துங்க. இன்னைக்கு எத்தனை பக்கெட் ஊத்தினோம்ங்கிறதே உங்க கசிவு மீட்டர்.

என்ஆர்வி வால்வு வேணுமான்னும் கேட்பாங்க. மோட்டார் நின்னதும் தண்ணி பின்னாடி ஓடாம தடுக்கத்தான் அது. செடித் தொட்டியில் பைப் வாய் தண்ணி மட்டத்துக்கு மேலேயே இருந்தா, பின்னாடி உறிஞ்ச அங்கே தண்ணியே கிடையாது. அந்தச் செலவும் மிச்சம்.

மோட்டார் பெரிசா வாங்கிட்டு வால்வை மூடாதீங்க

இதுதான் மாசா மாசம் காசு போற இடம். மீன் தொட்டித் தண்ணி மணிக்கு ஒரு தடவை சுற்றி வந்தா போதும்ங்கிறது பொதுவான கணக்கு. 500 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 500 லிட்டர். மோட்டார் பெட்டியில் போட்டிருக்கிற அளவு, உயரமே ஏத்தாத நிலையில் வர்ற தண்ணி. பக்கத்திலேயே "எச் மேக்ஸ் 2 மீட்டர்"னு இருந்தா, 2 மீட்டர் உயரத்தில் வரத்து பூஜ்யம்னு அர்த்தம். அதனால உங்க உயரத்தில் எவ்வளவு வரும்னு பார்த்து, கொஞ்சம் கூடுதலா எடுங்க. ரொம்பக் கூடுதலா எடுக்காதீங்க.

40 வாட் மோட்டார் 24 மணி நேரம் ஓடினா ஒரு நாளைக்கு 0.96 யூனிட். வருஷத்துக்கு 350 யூனிட். 25 வாட் என்றால் 219 யூனிட். வித்தியாசம் 131 யூனிட். யூனிட் 5 ரூபாய்னு வச்சாலும் வருஷத்துக்கு 655 ரூபாய். நீங்க 40 வாட் வாங்கி வால்வைப் பாதி மூடினா தண்ணிதான் குறையும், பில் அதே அளவுக்குக் குறையாது. தமிழ்நாட்டில் இரண்டு மாச ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் ஸ்லாபின் கட்டணமும் சேர்ந்து மாறும். ஏசி ஓடுற வீட்டில் 480, 490-ல் நிக்கிறவங்க இதைக் கண்டிப்பா பார்த்துட்டு வாங்குங்க.

மொத்தம் எவ்வளவு?

நான் இரண்டாவது தடவை செஞ்சப்போ கொடுத்த விலை இது. கடைக்குக் கடை மாறும்.

- 1 இஞ்ச் சாதாரண பிவிசி பால் வால்வு, 3 × 90 = 270
- டிரெயினுக்கு கனமான பால் வால்வு = 135
- என்ட் கேப் = 20
- டீ, எல்போ, 6 × 20 = 120
- 1 இஞ்ச் பைப், 10 அடி = 150
- பெல் சைஃபன் பொருட்கள் (டேங்க் நிப்பிளோட), 2 × 250 = 500
- டெஃப்லான் டேப், பிவிசி சொல்யூஷன் = 80

மொத்தம் 1,275 ரூபாய். ஓடாத சோலினாய்டு செட்டுக்குக் கொடுத்ததில் கிட்டத்தட்ட பாதி.

மாட்டினதுக்கு அப்புறம் மூணு வேலை

ஒண்ணு, சொல்யூஷன் போட்டு ஒட்டின இடத்தை ஒரு நாள் காயவிட்டு, தண்ணி ஓடவிட்டுக் கழுவி ஊத்திட்டு அப்புறம்தான் மீன் விடணும்.

இரண்டு, அளந்து பாருங்க. மணிக்கு 500 லிட்டரை இரண்டு தொட்டிக்குப் பிரிச்சா ஆளுக்கு 250. அந்த வேகத்தில் 10 லிட்டர் பக்கெட் நிறைய 2 நிமிஷம் 24 வினாடி ஆகும். போனில் ஸ்டாப்வாட்ச் வச்சு வால்வை அட்ஜஸ்ட் பண்ணுங்க. வரத்து ரொம்பக் குறைஞ்சா பெல் சைஃபன் பிடிக்காது. ரொம்பக் கூடினா நிக்காது. அந்த நடு அளவைப் பிடிக்கத்தான் இந்த 90 ரூபாய் வால்வு.

மூணு, மோட்டாரைத் தொட்டியின் தரையில் வைக்காதீங்க. இரண்டு செங்கல் மேலே, அடியிலிருந்து மூணில் ஒரு பங்கு உயரத்தில் வைங்க. மேலே பைப் கழன்று எல்லாத் தண்ணியும் வெளியே போனாலும், மோட்டார் வாய் வரைக்கும்தான் தண்ணி இறங்கும். மீதித் தண்ணியில் மீன் உயிரோட இருக்கும். தண்ணி இல்லாம மோட்டார் எரிஞ்சு போகலாம், அது வேற. ஆனா மீன் பிழைக்கும். செலவு, இரண்டு செங்கல்.

கடைசியா ஒரு உண்மை

இது முதலீடு கிடையாது. இந்தக் கீரையை வித்து யாரும் எஸ்ஐபி கட்ட முடியாது. கரண்ட், தீவனம், நம்ம நேரம் எல்லாம் சேர்த்தா மார்க்கெட் கீரைதான் மலிவு. ரெடிமேட் கிட்டை கிரெடிட் கார்டு ஈஎம்ஐயில் வாங்கறேன்னு யாராவது சொன்னா, வேண்டாம். பொழுதுபோக்குக்குன்னு நீங்க மாசம் ஒதுக்கற பணத்துக்குள்ள, சின்னதா ஆரம்பிங்க.

நான் திரும்ப ஆரம்பிச்சப்போ டிரெயின் ஓட்டையை அப்பாதான் பார்த்தார். வால்வு, அதுக்கு மேலே கேப், அதுக்கு மேலே கோணிச் சாக்கு. "இப்போ ஆடிட் முடிஞ்சுதா?"ன்னார். மீன் தொட்டியைக் கேட்கிறாரா, ஆபீஸைக் கேட்கிறாரான்னு தெரியல. முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்.

நீங்களும் இந்த வாரக் கடைசியில் ஒரு பேப்பர், பேனா எடுங்க. தொட்டி இருக்கிறவங்க ஒவ்வொரு வால்வுக்கும், இல்லாதவங்க உங்க ஒவ்வொரு பாலிசிக்கும் அந்த ஒரே கேள்வியை எழுதுங்க: இது உடைஞ்சா எனக்கு எவ்வளவு போகும்?

பெல் சைஃபன் எப்படி வெட்டி ஒட்டறதுன்னு அடுத்த வீடியோவில் செஞ்சு காட்டறேன். சந்திப்போம் நண்பர்களே!